சட்டைசபை

"இதில் உள்பக்கம் எது?" என்று பெரிய செயலர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பெரிய மனிதர்கள் கேள்வி கேட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். என் கையிலிருந்த சட்டையை அவரே வாங்கி, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் காலர் இருந்தது. இரண்டு பக்கமும் பொத்தான் இருந்தது.

அப்பாதான் பதில் சொன்னார். "உள்பக்கமே கிடையாதுங்க ஐயா. ரெண்டுமே வெளிப்பக்கம்தான்."

செயலருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் ஒட்டப்பட்ட அரசு அறிவிப்பில், 'இப்புதிய ஆட்சிமுறைக்கு உள்பக்கம் என்று எதுவும் இல்லை, அனைத்தும் வெளிப்படை' என்ற வரி இருந்தது. அப்பா அதை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்து, "நான் சொன்னது" என்றார். "நீங்க துணியைச் சொன்னீங்க. அவங்க துணியையா சொல்றாங்க?" என்றாள் அம்மா. அம்மாவுக்கு எதிலும் சந்தேகம்தான். பால்காரர் கூடுதலாக ஊற்றினால்கூட முகர்ந்து பார்ப்பாள்.

அந்த ஆட்சிமுறையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்களை ஆள ஒரே ஒரு சபை இருந்தது. ஆளுநர் தலைமையில் ஐந்து துறைத் தலைவர்கள். சட்டம் போடுவதும் அவர்களே, அதன்படி ஆளைப் பிடிப்பதும் அவர்களே. கடல் தாண்டி இருக்கும் அரசருடைய அமைச்சகத்துக்கு யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். 'சட்டம் செய்பவர்களும் அதை நடத்துபவர்களும் வேறு வேறாக இருக்க வேண்டும், உடனே சீர்திருத்துக' என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. ஐவரும் கூடி ஆலோசித்து, சீர்திருத்தத்தை முழுமனதோடு ஏற்றார்கள். இனி நிறைவேற்றுச் சபை வேறு, சட்டசபை வேறு. ஆட்கள் மட்டும் அதே ஐவர். தகுதியான வேறு ஆட்கள் இந்த மண்ணில் இன்னும் விளையவில்லை என்று செயலர் குறிப்பு எழுதினார்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் வேண்டுமே. அதற்குத்தான் அப்பாவைக் கூப்பிட்டார்கள். சபைக் கட்டடத்தின் பின்மதிலை ஒட்டித்தான் எங்கள் தெரு. தெருவின் முதல் வீடு எங்களுடையது, முன்னறை தையல்கடை. நிறைவேற்றுச் சபையில் கறுப்புச் சட்டை, சட்டசபையில் வெள்ளைச் சட்டை. ஆளுக்கு இரண்டு தைத்தால் செலவு என்று ஒரே சட்டையாகச் சொன்னார்கள்.

அளவெடுக்கும்போது அப்பா, "பை எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார். ஐவரும் கலந்து பேசினார்கள். அதிகாரம் பிரிந்திருக்கட்டும், பை மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவானது. ஆகவே எந்தப் பக்கம் போட்டாலும் கை நுழைகிற மாதிரி ஒரே ஆழமான பையாக அப்பா தைத்தார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை. ஆளுநருக்கு மட்டும் சட்டை கிடையாது. சீர்திருத்தத்துக்கு வெளியே நின்றால்தான் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க முடியும் என்றார் அவர்.

ஒரு நாளைக்குப் பலமுறை திருப்பிப் போட்டதால் பொத்தான்கள் அறுந்துகொண்டே இருந்தன. ஊசியும் நூலும் கையுமாக நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெரிய கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு நடை. கூடம் நிறைவேற்றுச் சபை, சாப்பாட்டு அறை சட்டசபை. நடையில் ஒரு முக்காலியில் நான். இரண்டு கதவும் திறந்தே இருக்கும். என்னை யாரும் மனுஷியாக எண்ணாததால் எல்லாம் காதில் விழுந்தது.

முதல் நாள் நிலத்துறைத் தலைவர் கறுப்புச் சட்டையில் எழுந்து, "சட்டசபைக்குத் தனிக் கட்டடம் வேண்டும். பின்தெருவை எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றித் தருமாறு சட்டசபையை வேண்டிக் கடிதம் அனுப்புகிறேன்" என்றார். பணியாள் கடிதத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கடந்து சாப்பாட்டு அறை மேசையில் வைத்தான். ஐவரும் நடைக்கு வந்து சட்டையைத் திருப்பினார்கள். இரண்டு பொத்தான் என் மடியில் விழுந்தன. தைத்துக் கொடுத்தேன்.

உள்ளே போய் அமர்ந்ததும் நிலத்துறைத் தலைவர் கடிதத்தைப் பிரித்து ஆச்சரியத்தோடு படித்தார்.

"பின்தெருவையா? இதில் குடியிருப்போர் எத்தனை பேர், எங்கே போவார்கள் என்ற விவரமே இல்லையே. இதை எழுதியவர் பொறுப்பில்லாதவர்."

"கடுமையான வார்த்தை" என்றார் துறைமுகத் தலைவர்.

"சட்டசபை அடிமை இல்லை ஐயா. விளக்கம் கேட்டு எழுதுங்கள்."

விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. ஐவரும் திருப்பிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். கடிதத்தைப் படித்த நிலத்துறைத் தலைவர் முகம் சிவந்துவிட்டது.

"பொறுப்பில்லாதவனா நான்? சட்டசபையில் யாரோ விவரம் தெரியாத ஆள் உட்கார்ந்திருக்கிறார்." பிறகு விளக்கம் எழுதினார்: 'குடியிருப்போர் பற்றிய கவலை சட்டசபையுடையது.' வெள்ளையில் அதைப் படித்துவிட்டு, அந்தப் பணிவான பதில் தமக்கு நிறைவளித்ததாகச் சொன்னார்.

நடையில் என்னிடம் பொத்தான் தைக்கக் கொடுத்து நின்ற துறைமுகத் தலைவரிடம் அவர் மெல்லக் கேட்டார்: "ஒருவேளை அந்த நிலத்துறை ஆள் எதையாவது மறைக்கிறாரோ?"

"எனக்கும் அப்படித்தான் படுகிறது. கறுப்பில் இருக்கும்போது விசாரித்துப் பாருங்களேன்."

"முடியாதே. கறுப்பில் தெரிந்தது வெள்ளையில் தெரியக்கூடாது. இரகசியப் பிரமாணம்."

இருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சட்டம் அன்று மாலைக்குள் நிறைவேறியது. மறுநாள் காலை எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருவே காலி செய்ய வேண்டும், முதல் வீட்டிலிருந்து இடிப்பு தொடங்கும். எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அப்பா அந்த முன்னறையில்தான் தொழில் பழகினார், நான் அதற்குப் பின்னறையில்தான் பிறந்தேன். ஊரில் இன்னொரு முன்னறை எங்களுக்கு யார் தருவார்கள்?

"ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார் அப்பா. "அஞ்சு பேரும் நான் தச்சதைத்தான் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. என்னைச் சட்டை பண்ணாம போயிடுவாங்களா?"

"சட்டையைச் சட்டை பண்ணுவாங்க. தச்சவனை எதுக்குப் பண்ணணும்?" என்றாள் அம்மா.

"சட்டசபைக்கு ஒரு மனு போடுவோம். அது தனிச் சபை. நிறைவேற்றுச் சபை பண்ணினதைத் தட்டிக் கேக்கும்."

"அதே ஆளுங்கதானே?"

"ஆளு அதேதான். சட்டை வேற."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ அங்கேயே உக்காந்திருக்கியே. வெள்ளையில இருக்கும்போது மூஞ்சி மாறுதா?"

"இல்லைம்மா. கழுத்துக்குக் கீழதான் மாறுது."

"கேட்டுக்கோங்க" என்றாள் அப்பாவிடம்.

கேட்கவில்லை. மேற்படியாரை அழைத்துவந்தார். அவர் மனு எழுதிக் கொடுப்பவர். எந்த மனுவிலும் 'மேற்படி' என்று தொடங்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்து வெகுகாலம் ஆயிற்று. மெஷின் பலகையின்மேல் காகிதத்தை விரித்து, மேற்படி தெருவின் மேற்படி வீட்டில் மேற்படி தொழில் செய்யும் மேற்படி தையல்காரர் என்று எழுதிக்கொண்டே போனார். அப்பா பக்கத்தில் நின்று, சட்டை தைத்த கதை, சட்டையின் பை, சட்டையின் காலர் என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சும்மா இருய்யா. காது வழியா கைக்கு வந்துடப் போவுது" என்றார் மேற்படியார்.

வந்தேவிட்டது. 'மாண்புமிகு சட்டசபைக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மாண்புமிகு சட்டைசபைக்கு' என்று விழுந்திருந்தது. ஒரு சின்ன எழுத்து. எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

அரசு அலுவலகம் கவனித்தது. அங்கே ஒரு காகிதம் வந்தால் அதில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார்கள், யாருக்கு எழுதியிருக்கிறது என்பதைத்தான் படிப்பார்கள். சட்டைசபை எது என்று துறை துறையாகக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. புதிதாகச் சபைகள் முளைக்கும் காலம், நமக்குத் தெரியாமல் இன்னொன்று முளைத்திருந்தால்? கடைசியில் செயலர் அலுவலகம் தீர்த்து வைத்தது. மனு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது, மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்போடு: 'சபைச் சட்டைகளுக்குப் பொறுப்பானவர் தாங்களே ஆதலால், இம்மனுவைப் பரிசீலித்துத் தக்க பதில் அளிக்கவும்.'

மேற்படியார் அதை மூன்று தடவை படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மேற்படி தப்பு என்னோடதுதான். வேற மனு எழுதித் தர்றேன்."

"எதுக்கு?" என்றாள் அம்மா. அவள் கண் சுருங்கியிருந்தது. பால்காரரிடம் போகும்போது இருக்கும் கண். "பதில் அளிக்கவும்னு இருக்கு இல்ல?"

"ஆமா."

"அப்ப அளிக்க வேண்டியதுதானே. 'மனு ஏற்கப்பட்டது, வீட்டைத் தொடக்கூடாது'ன்னு எழுதுங்க."

அப்பா வாசல் கதவைச் சாத்தினார். "நம்ம மனுவுக்கு நாமே பதில் போடறதா? சிரிப்பாங்க."

"அவங்க அவங்களையே கேட்டு, அவங்களே சரின்னு சொல்லிக்கிறாங்க. அப்ப யார் சிரிச்சாங்க? நாம நம்மளைக் கேட்டு நாமே சரின்னு சொல்லிக்கிட்டா மட்டும் குத்தமா?"

மேற்படியார் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். முத்திரைக்கு ஒரு பெரிய பித்தளைப் பொத்தானை மையில் தோய்த்து அழுத்தினோம். நான்கு துளையும் அழகாக விழுந்தன.

கடப்பாரைகளோடு இடிப்பு மேஸ்திரி வந்தபோது அம்மா அந்தக் காகிதத்தை நீட்டினாள். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்த்தார்.

"இது எந்தச் சபைம்மா?"

"சட்டைசபை."

"மத்த ரெண்டுக்கும் மேலயா, கீழயா?"

"மேல போட்டுக்கறதுதான்" என்றாள் அம்மா.

மேஸ்திரி ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். தெருவே எங்கள் வாசலில் கூடியது. அப்பாவை ஐயா என்று முதன்முதலாக ஒருவர் கூப்பிட்டார். அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

இரண்டு சபையும் அவசரமாகக் கூடின. எந்த அறையில் கூடுவது என்று தெரியாமல் நடையிலேயே நின்றார்கள், பாதிப் பேர் கறுப்பு, பாதிப் பேர் வெள்ளை. என் முக்காலிக்கு இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பாவை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஒரு தையல்காரன், தன் மனுவைத் தானே விசாரித்து, தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதா?" என்றார் நிலத்துறைத் தலைவர். அவருடைய குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "இதைவிட அநியாயம் உண்டா?"

அவர் தம் சட்டையின் பையில் கையை விட்டுக்கொண்டார்.

ஆளுநர் கையை உயர்த்தினார். "சிறைக்கு அனுப்பலாம். ஆனால் அமைச்சகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. ஆட்சியில் இந்நாட்டாருக்கும் ஓர் இடம் வேண்டுமாம். நான் கவலையோடு இருந்தேன். இதோ, நாம் கேட்காமலே ஒரு சபை வந்து நிற்கிறது, அதில் இந்நாட்டார் ஒருவரும் இருக்கிறார்." பிறகு எல்லோரையும் பார்த்து அவர் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். "அதிகாரத்தைப் பிரித்தால் குறையும் என்று சிலர் பயந்தார்கள். நானும் பயந்தேன். ஆனால் கண்ணாடிமுன் நிற்பவரைப் பாருங்கள். அவர் பாதியாகவில்லை, இரண்டாகிறார். முன்பு நம்மைக் கேட்க ஆளில்லை. இப்போது நம்மைக் கேட்க நாமே இருக்கிறோம். மூன்றாவது சபையால் ஒன்றும் கெட்டுவிடாது. கண்ணாடிக்கு ஒரு சட்டம் போட்ட மாதிரி."

கைதட்டினார்கள். பொத்தான்கள் தெறித்தன.

செயலர் அங்கேயே தீர்மானம் எழுதிப் படித்தார். சட்டைசபை அங்கீகரிக்கப்படுகிறது. அதன் ஒரே அங்கத்தவர் தையல்காரர். அவர் இருபக்கமும் சாம்பல் நிறச் சட்டை அணிவார். சட்டைசபைக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கேக்கற அதிகாரமா ஐயா?"

"முழு அதிகாரம்" என்றார் செயலர்.

அன்றே அப்பா தனக்கொரு சட்டை தைத்தார். கழுத்தளவை அம்மா எடுத்தாள். டேப்பைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தாள். "கேக்கறதுன்னா என்ன கேக்கறது? யாரை?" என்றாள்.

"யாரை வேணும்னாலும். முதல் கேள்வியே நம்ம தெருதான்."

"உங்க பதில் காகிதம் செல்லுமான்னும் கேட்டுக்கோங்க."

"அதெல்லாம் செல்லும். நான் இப்ப சபை."

மறுநாள் சட்டைசபையின் முதல் கூட்டம். கூடத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மற்ற ஐவரும் கறுப்பில் இருந்தார்கள். அப்பா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"கேக்கறேன் ஐயா. எங்க தெருவை எதுக்கு இடிக்கணும்?"

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலர் பொறுமையாக, பாடம் சொல்வது போலச் சொன்னார்: "அங்கத்தவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். கேட்கும் அதிகாரம் என்றால் கேள்வி கேட்பதல்ல. நாங்கள் சொல்வதைக் கேட்பது."

அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"உட்கார்ந்தே கேட்கலாம்" என்றார் ஆளுநர் அன்பாக.

அப்பா உட்கார்ந்தார். நிலத்துறைத் தலைவர் படித்தார். சபை அங்கத்தவர் எவரும் தமக்கு அக்கறையுள்ள விஷயத்தில் முடிவெடுக்கக்கூடாது. சட்டைசபையின் அங்கத்தவர் பின்தெருவில் குடியிருப்பதால், அவர் தந்த பதில் செல்லாது. தமக்கு அந்தத் தெருமீது எள்ளளவும் அக்கறை இல்லை என்றும், ஆகவே இரு சபைகளிலும் முடிவெடுக்கத் தாமே பொருத்தமானவர் என்றும் அவர் மார்பில் கை வைத்துச் சொன்னார். அவர் சொன்னதில் அந்த முதல் பகுதியை நான் முழுதாக நம்பினேன்.

"சட்டைசபை கேட்டதா?" என்றார் செயலர்.

அப்பாவின் உதடு அசைந்தது. "கேட்டது."

'மூன்று சபைகளும் ஒருமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள். இரகசியப் பிரமாணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சபையில் நடந்ததை வீட்டில் சொல்லக்கூடாது. நடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் மட்டும் யாரும் பிரமாணம் கேட்கவில்லை.

நாங்கள் சேர்ந்துதான் வீடு திரும்பினோம். தெருமுனையில் அப்பா நின்று, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மேஸ்திரி எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார், ஆட்களோடு. அப்பாவைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்க ஐயா. சபை உத்தரவு வந்துடுச்சு. உங்க சபை பேரும் போட்டிருக்கு."

அம்மா உள்ளிருந்து வந்தாள். மேஸ்திரியைப் பார்க்கவில்லை. "என்னங்க ஆச்சு?"

அப்பா சாம்பல் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அதை வெளியில சொல்லக் கூடாது."

"நான் வெளியா?"

"பிரமாணம் பண்ணியிருக்கேன்."

"கேக்கற அதிகாரம் இருக்குன்னீங்களே. இதோ நிக்கிறாரு. கேளுங்க, எதுக்கு வந்தீங்கன்னு."

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி பணிவாகக் காத்திருந்தார்.

"கழட்டிட்டாவது கேளுங்க" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "அதைப் போட்டுக்கிட்டு முடியலைன்னா, கழட்டிப் போட்டுட்டுக் கேளுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

கையைக்கூட நீட்டினாள். அப்பா காலரைத் தொட்டார். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை ஐயா என்று கூப்பிட்டவரும் இருந்தார். அப்பாவின் கை காலரைச் சரி செய்துவிட்டுக் கீழே இறங்கியது.

"ஐயா, இந்தப் பக்கச் சுவர்ல இருந்து ஆரம்பிக்கவா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"சபை கேட்டுக்கொண்டது" என்றார் அப்பா. வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். உள்ளே போனாள். தையல் மெஷினின் தலையைப் பலகையிலிருந்து கழற்றி, ஒரு பழைய புடவையில் சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அது கனம். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். தலையை அசைத்து வேண்டாம் என்றாள். மேஸ்திரி தன் ஆட்களை விலகச் சொல்லி வழிவிட்டார். அப்பா வாசற்படியில் நின்றிருந்தார், அவர் விலகவில்லை. அம்மா ஒருக்களித்து, மெஷின் அவருடைய சட்டையில் பட்டுவிடாமல் பார்த்து நுழைந்து, படியிறங்கித் தெருவோடு போனாள்.